கம்பியில்லா ஒலியோடைத் தடங்கல்

கம்பியில்லா ஒலியோடைத் தடங்கல் என்பது வீட்டு வலையமைப்பில் வைஃபை வழியே ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலி இடையிடையே அறுபடுவதைக் குறிக்கும். இணைய வேகக் குறைவே காரணம் எனக் கருதிப் பலர் விலை கூடிய இணைப்புக்கு மாறுகின்றனர். பெரும்பாலும் அது வீண்செலவே. சுருக்கப்படாத குறுந்தட்டுத் தர ஒலிக்கும் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட் போதும். தரவுப் பொதிகள் காலந்தாழ்ந்து வருவதால் ஒலிபெருக்கியின் தற்காலிக நினைவகம் வெறுமையாகும்போதே ஒலி அறுபடுகிறது.

வீட்டுக் கணினியில் உள்ள பாடலை ஒலிக்கச் செய்தும் தடங்கல் தொடர்ந்தால், இணைய இணைப்பு காரணமன்று.

இந்தியாவில் 2005 இல் வைஃபைக்கு உரிமம் இன்றித் திறக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் இயங்குகின்றன. இப்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு வழக்கமாகப் பயன்படும் தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களின் நெருக்கமான தெருக்களில் அண்டை வீட்டுத் திசைவிகளும் (ரூட்டர்) இவற்றுக்கே போட்டியிடும். பௌர்ணமி கிரிவல இரவுகளில் மட்டும் தடங்கல் மிகுந்தால், அருகில் தங்கியிருப்போரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டுகளையும் ஐயுறலாம். நெரிசல் குறைந்த தடத்துக்குத் திசைவியை மாற்றுவது பயன் தரும்.

2018 இல் விரிவாக்கப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் குறைவு. ஆயினும் பழைய வீடுகளின் தடித்த சுவர்களை அவ்வலைகள் எளிதில் ஊடுருவா. அங்கு ஈதர்நெட் வடத்தால் இணைப்பதே உறுதியான வழி.