குற்றாலத்தில் இருந்தே சென்னை கம்ப்யூட்டரை இயக்கலாமா? 'ரிமோட் ஆக்சஸ்' எப்படி வேலை செய்கிறது?

சீசனுக்குக் குற்றாலம் வந்து, ஐந்தருவியில் குளித்துவிட்டு துண்டோடு நிற்கும்போதுதான் ஆபீஸில் இருந்து போன் வரும். "சார், அந்த ஜிஎஸ்டி பில் உங்க சிஸ்டத்துலதானே இருக்கு?" கம்ப்யூட்டர் இருப்பதோ சென்னையில். கையில் ஒரு போனோ டேப்லெட்டோ இருந்தால் அங்கிருந்தே வேலையை முடித்துவிடலாம். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே செட் பண்ணியிருக்கணும்.

சென்னை கம்ப்யூட்டரின் திரையை ஒரு சாஃப்ட்வேர் நொடிக்கு நொடி படம்பிடித்து, சுருக்கி, இணையம் வழியாக உங்கள் போனுக்கு அனுப்புகிறது. நீங்கள் விரலால் தொடுவதும் டைப் செய்வதும் மவுஸ், கீபோர்டு கட்டளைகளாகத் திரும்பிப் போகின்றன. வேலை முழுக்க நடப்பது சென்னையில்தான். அதனால் பழைய போனே போதும். சிக்னல் வீக்காக இருந்தால் மட்டும் விரல் ஒரு பக்கம், மவுஸ் ஒரு பக்கம் என இழுக்கும்.

இலவசமாகச் செய்ய 'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' எளிது. கம்ப்யூட்டரில் அதை நிறுவி 6 இலக்க பின் நம்பர் வைத்துவிட்டு, போனிலும் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் போதும். விண்டோஸில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஆனால் 'ஹோம்' பதிப்பு போட்ட கம்ப்யூட்டரை அதன் மூலம் வெளியில் இருந்து இயக்க முடியாது, 'புரோ' வேண்டும். 2011-ல் இருந்து தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் சோஹோவும் 'சோஹோ அசிஸ்ட்' என்ற பெயரில் இதே சேவையைத் தருகிறது.

எதைப் பயன்படுத்தினாலும் கம்ப்யூட்டர் ஆனில் இருக்கணும், ஸ்லீப் மோடுக்குப் போகக் கூடாது. கரண்ட் கட்டானால் கதை முடிந்தது. திரும்ப வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங் பல கம்ப்யூட்டர்களில் உண்டு, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் ஐடி பிரிவிடம் அனுமதி வாங்காமல் எதையும் நிறுவாதீர்கள். ஒரே ஒரு ஃபைல்தான் தேவை என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், கூகுள் டிரைவில் போட்டுவிட்டு வந்தாலே போதும்.

இதையே திருப்பிப் போட்டால்?

இதே வசதியை வைத்து உங்கள் போனையும் இன்னொருவர் பார்க்கலாம், இயக்கலாம். "பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க கேஒய்சி முடங்கிடுச்சு" என்று பேசி, 'எனிடெஸ்க்' போன்ற ஆப்பை நிறுவச் சொல்வார்கள். அதில் வரும் எண்ணைக் கேட்பார்கள். அதைச் சொல்லி, திரையில் கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், ஓடிபி உட்பட உங்கள் திரையில் வருவது எல்லாம் அவர்களுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. ஆப் மீது தப்பில்லை, அந்த எண்ணை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம். நீங்களாகப் போய் உதவி கேட்காத யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள்.

சொல்லிவிட்டீர்கள் என்றால் முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். வேறு போனில் இருந்து வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு அந்த ஆப்பை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டுகளை இன்னொரு போனில் இருந்து மாற்றுங்கள்.