அரிசியில் வடித்த பீர்

பெங்களூரிலோ புணேயிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு எம்.கே.பி. நகர் வந்தால், பீரைப் பற்றிப் பேசும் தோரணையே வேறாக இருக்கிறது. நுரை எவ்வளவு நேரம் நின்றது, மணத்தில் ஆரஞ்சுத் தோல் தெரிகிறதா, கசப்பு நாக்கில் எங்கே போய் முடிகிறது என்றெல்லாம் சொல்கிறார்கள். கைபேசியில் 5க்கு 3.75 என்று மதிப்பெண் போடுகிறார்கள். வீட்டிலேயே வாளியில் ஊறவைத்து வடித்துப் பார்க்கும் ஆட்களும் அவர்கள் நண்பர் வட்டத்தில் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள், "இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். குடிப்பது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அதற்கு நம் பொதுக்குழுவே போதும். "வெள்ளைக்காரன் பழக்கம்" என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் சரியா என்று பார்ப்போம்.

பொழுதுபோக்காக வீட்டில் பீர் செய்வது, ருசி பார்த்து மதிப்புரை எழுதுவது என்ற இன்றைய வழக்கம் மேற்கில் ஒன்றும் பழையதல்ல. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் செய்யலாம் என்று ஆனதே 1963இல்தான். அமெரிக்காவில் அதற்கான சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல். அதற்கு முந்தைய ஆண்டு மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் (பாடகர் அல்ல, இவர் வேறு) உலகத்து பீர் வகைகளை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு புத்தகம் எழுதினார். பீரையும் ஒயினைப் போல விவரித்து எழுதலாம் என்ற எண்ணம் பரவியதற்கு அவர் பெரிய காரணம். 1985இல் நடுவர்களுக்கென்று ஓர் அமைப்பே வந்தது. அவர்களுடைய தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் இருக்கும் உணர்வுக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10.

இனி நம் பக்கம் வருவோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியது. ஏறக்குறைய 1,800 ஆண்டுப் பழைமை. பரிசு பெற்று வரும் பாணன், பரிசு தேடிப் போகும் இன்னொரு பாணனுக்கு வழியும் வழியில் கிடைக்கும் சாப்பாடும் சொல்வதுதான் பாட்டு. அந்த வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது; வலை வீசி மீன் பிடிப்பவர்களின் ஊர். அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் புலவர் ஒரு செய்முறையையே வைத்துவிட்டார்.

குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட வேண்டும். கறையான் புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போலத் தோன்றும் நல்ல அடையை அதில் கலக்க வேண்டும். கெட்டியான வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் இருக்கவேண்டும். பச்சை வாடை போய் முதிர்ந்த பிறகு, வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். சுட்ட மீனோடு பரிமாற வேண்டும்.

வீட்டில் பீர் செய்து பழகிய எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார். ஏன் ஆறவைக்கிறார்கள்? சூட்டில் அடையைக் கலந்தால் அதிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும். இட்லி மாவை அடுப்பு பக்கத்தில் வைக்கலாம், அடுப்பின் மேல் வைக்கக்கூடாது என்பதே இதுவும். ஏன் அடை? அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு அது ஆகாது, சர்க்கரைதான் வேண்டும். மாவைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க ஏதோ ஒன்று தேவை. ஐரோப்பாவில் முளைவிட்ட பார்லி அந்த வேலையைச் செய்கிறது. அதைத்தான் மால்ட் என்கிறோம். சீனாவிலும் ஜப்பானிலும் பூஞ்சை பிடித்த தானியம் செய்கிறது. நம் வடகிழக்கு மாநிலங்களில் அரிசி மாவும் மூலிகையும் சேர்த்துக் காயவைத்த சின்ன வில்லைகள் செய்கின்றன.

பெரும்பாணாற்றுப்படையின் அடை இவற்றில் எது? உரை எழுதிய நச்சினார்க்கினியர் வழியில் வருபவர்கள் அதை முளையினால் ஆன அடை என்று கொள்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் புற்றுக் குரும்பி உவமை கண்ணை உறுத்துகிறது. ஓட்டை ஓட்டையாக, பொரபொரவென்று, மேலே பூத்தாற்போல இருக்கும் பொருள் அது. வெறும் முளையை இடித்தால் அப்படி இருக்காது. பூஞ்சை பூத்த வில்லை அப்படித்தான் இருக்கும். முளையை அடையாகத் தட்டிப் பூக்கவிட்டிருந்தால் இரண்டு விளக்கமும் பொருந்திப்போகும். எப்படியானாலும், தானியத்தின் மாவை உடைத்து, ஊறவைத்து, பிழிந்து எடுப்பது பீர்தான். பனங்கள் அல்ல, திராட்சை மது அல்ல, காய்ச்சி இறக்கிய சாராயமும் அல்ல. அதே பாட்டில் வேறோரிடத்தில் வீட்டிலேயே சமைத்த தோப்பி வருகிறது. தோப்பி என்றால் நெல்லால் செய்த கள் என்பது உரை. இந்தப் பாட்டை உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுப் பதிப்பில் 1889இல் அச்சேற்றிக் கொடுக்காவிட்டால் இந்தச் செய்முறை நமக்குத் தெரிந்திருக்காது.

சுவைக் குறிப்புக்கும் பஞ்சமில்லை. புறநானூற்றில் ஔவையார், பல நாள் வைத்து முதிர்ந்த தேறலின் வேகத்தைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் அது பாம்பின் சீற்றம். கபிலர், பாரியின் பறம்பில் மண்ணுக்குள் புதைத்துப் பழுக்கவைத்த மதுவைச் சொல்கிறார். யவனர் குப்பிகளில் வந்த தேறலுக்குக் கிடைத்த அடைமொழி குளிர்ச்சியும் மணமும். கடுப்பு, வயது, தெளிவு, மணம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அரியல், தேறல், பிழி, நறவு, மட்டு, தோப்பி என்று இத்தனை பெயர் இருப்பதே குடித்தவர்கள் வித்தியாசம் பார்த்துக் குடித்தார்கள் என்பதற்குச் சாட்சி. இன்று நாம் எல்லாவற்றையும் "சரக்கு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அரசுகளுக்கும் வேறு கணக்கு இருந்தது: பல்லவர் செப்பேடுகளில் கள் இறக்குவோர் மீதான ஈழப்பூட்சி என்ற வரி வருகிறது.

ஆங்கிலேயர் பீர் இந்தக் கரைக்கு வந்தது மிகப் பின்னால். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்துறைக்கு அருகே இருந்த ஹாட்ஜ்சனின் பீர் ஆலை, கப்பல் தலைவர்களுக்கு 18 மாதக் கடனில் சரக்குக் கொடுத்து இந்திய வியாபாரத்தைப் பிடித்தது. இன்று ஐ.பி.ஏ. என்று பிள்ளைகள் உச்சரிக்கும் வகையின் பூர்வீகம் அதுதான். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கடலுக்குள்ளேயே நிற்கும். பீப்பாய்களை மசூலா படகுகளில் ஏற்றி, அலையைத் தாண்டி ஜார்ஜ் டவுன் கரைக்குக் கொண்டுவருவது நம் படகோட்டிகள். வந்த பீரைக் குளிர வைக்க வெடியுப்புக் கரைசல். அதற்கென்றே ஆப்தார் என்று ஒரு வேலையாள். 1840களில் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்ததும் அந்த வேலை தேய்ந்தது. அந்தப் பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம்தான் மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லம். பிறகு நீலகிரியின் குளிரில் பீர் ஆலைகள் எழுந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார்.

துரைகளின் பீர் இப்படி வளர, ஊர்க்காரர்களின் கள்ளுக்கு 1886ஆம் ஆண்டு மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். கருவூலம் கள்ளுப் பணத்தில் நிறைந்தது. கள்ளுக்கடை மறியல் சுதந்திரப் போராட்டத்தின் ஆயுதமாக ஆனதற்கு இதுவும் காரணம். பெரியார் தன் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டினார். ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். நாம் இன்று ஒவ்வொரு ரசீதிலும் கட்டும் வரியின் தாத்தா அது! 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. இந்த ஆட்டத்தில் புட்டியில் அடைத்த ஆலைச் சரக்கு தப்பித்துக்கொண்டது. மரமேறியும் பானைக்காரியும் தப்பவில்லை. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை இன்றும் சட்டப்படி நடக்கிறது.

பானைக்காரி என்று சும்மா சொல்லவில்லை. நம் வடசென்னைக் கடலோரக் குப்பங்களில் சுண்டக்கஞ்சி என்று ஒன்று உண்டு. மூத்தவர்களுக்குப் பெயராவது தெரியும். சோற்றுக் கஞ்சியைப் பானையில் நாள் கணக்கில் புளிக்கவைத்து வடிக்கும் மலிவான குடி. மதுவிலக்குக் காலத்தில் மருந்துக் கடை டிஞ்சரையும் மரவேலைக்கான வார்னிஷையும் குடித்துச் செத்தவர்கள் இருந்த இந்த ஊரில், சோற்றிலிருந்து வந்த குடி அது. போலீஸ் வந்தால் பானை உடையும். பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் சாடிக்கு இது நேர் வாரிசு என்று நான் சாதிக்க மாட்டேன். இடையில் 1,800 ஆண்டு இருக்கிறது. ஆனால் அதே தொண்டை நாட்டுக் கரை, அதே வலைத்தொழில், அதே அரிசி, பக்கத்தில் அதே சுட்ட மீன். இதைச் சேரிக் குடி என்று ஒதுக்கிவிட்டு, அரிசியில் செய்த ஜப்பானிய சாக்கேயை நட்சத்திர ஓட்டலில் சுவைத்துப் புகழ்வது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு காட்சி. எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர். அறிஞர்கள் பலர் அதை மரக்காணம் என்கிறார்கள். அங்கே நுளையர் குலப் பெண் வடித்த பழைய தேறலைப் பரதவர் வழிப்போக்கனுக்கு ஊட்டுவார்கள், கூடவே உலர்ந்த குழல் மீன் சூடு. வடித்தது பெண் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவிலும் பெரிய ஆலைகள் வரும்வரை பீர் வீட்டுப் பெண்களின் கைவேலையாகத்தான் இருந்தது.

அதே மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில்தான் 2023 மே மாதம் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் மடிந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டுப் பக்கமும் சாவு; இரண்டிலும் சேர்த்து 20க்கு மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60ஐத் தாண்டியது. அவர்களைக் கொன்றது புளித்த சோறோ கள்ளோ அல்ல, தொழிற்சாலைக்கான மெத்தனால். அரிசியைப் புளிக்கவைத்தால் ஆளைக் கொல்லும் அளவு மெத்தனால் வராது. அது வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்கப்படுவது.

சட்டத்தின் முன் இந்த வேறுபாடு செல்லாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நம் மாநிலச் சட்டம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024இல் தண்டனைகள் இன்னும் கடுமையாயின. அதன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். மூன்றாவது மாடி சமையலறையில் பார்லியை ஊறவைத்தாலும் குற்றம், குப்பத்துப் பானையில் கஞ்சியைப் புளிக்கவைத்தாலும் குற்றம். எனவே இணையத்தில் ஈஸ்டும் வாளியும் வாங்கிவிட்டு, "பால்கனியில் வைக்கலாமா சார்?" என்று கேட்க நினைப்பவர்களுக்குச் சங்கத்தின் பதில் இப்போதே: வேண்டாம். கைப்பழக்கம் வேண்டுமென்றால் பழைய சோற்றில் நீராகாரம் இருக்கிறது. கோடையில் பதநீர் கிடைக்கும்போது வாங்கிக் குடியுங்கள். பானையின் உட்புறம் பூசிய சுண்ணாம்புதான் அது கள்ளாக மாறாமல் காக்கிறது. பூசாமல் விட்ட பானையில் அதே பாளைச் சாறு, மரத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே நுரைக்கத் தொடங்கியிருக்கும்.