விழிப்பும் மயக்கமும் ஒரே கோப்பையில்

உறக்கத்தை விரட்ட ஒரு பானம், கவலையை மறக்க மற்றொரு பானம் என இருவகைப் பானங்களை மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறான். காப்பியும் தேயிலையும் முதல் வகையைச் சார்ந்தவை. கள்ளும் சாராயமும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஒன்றின் வேகத்தை மற்றொன்று தணித்துவிடும் என்பது பலருடைய எண்ணம். குடித்தவனுக்குக் கடுங்காப்பி கொடுத்தால் போதை தெளிந்துவிடும் என்று சொல்லுவோர் எல்லா நாடுகளிலும் உளர், நம்மிடையேயும் உளர். இக்கருத்து எத்துணை உண்மையானது? வரலாற்றின் துணைகொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

காப்பியின் விழிப்பூட்டும் சத்தாகிய காஃபீனை 1819-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே பிரித்தெடுத்தார். காப்பிக் கொட்டைகளை அவரிடம் அளித்து ஆராயத் தூண்டியவர் மகாகவி கெதே. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய சத்துக்களை மதுவுடன் கலந்து விற்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவிற்று. 1863-இல் பாரிஸ் நகரில் மரியானி என்பவர், கோக்கேன் அடங்கிய கோக்கா இலைகளைத் திராட்சை மதுவில் ஊறவைத்து மருந்தென விற்றார்.

இவ்வழியைப் பின்பற்றியவருள் ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மருந்து வணிகர் ஜான் பெம்பர்ட்டன். உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865-இல், அவர் படுகாயமுற்றார். வலி தீர உட்கொண்ட மார்ஃபீனே அவருக்குத் தீராப் பழக்கமாயிற்று. அதற்கு மாற்றுத் தேடியவர், திராட்சை மது, கோக்கா இலை, காஃபீன் மிகுந்த கோலாக் கொட்டை ஆகியவற்றைச் சேர்த்து 1885-இல் ஒரு பானம் சமைத்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே அட்லாண்டா வட்டாரத்து மக்கள் மதுவிலக்குக்கு வாக்களித்தனர். எனவே அவர் மதுவை நீக்கிச் சர்க்கரைப் பாகைச் சேர்த்தார். 1886 மே மாதத்தில் கோக்கோ கோலா பிறந்தது. மதுவிலக்குக்கு உகந்த பானம் என்று அதனை விளம்பரம் செய்தார்கள். அதிலிருந்த கோக்கேன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது, காஃபீன் நிலைத்தது. பெம்பர்ட்டனோ 1888-இல் காலமாகும் வரை மார்ஃபீனின் பிடியிலிருந்து விடுபடவில்லை. ஒரு பழக்கத்தை வேறொரு பொருளால் வெல்ல முயன்றவரின் வாழ்க்கை அவ்வாறு முடிந்தது.

அப்பானத்திலுள்ள காஃபீன் தீங்கானது என்று அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கு, 1911-இல் சட்டனூகா நகரில் விசாரணைக்கு வந்தது. அதற்காக உளவியல் அறிஞர் ஹாலிங்வொர்த் பதினாறு பேரை வைத்துச் சோதனைகள் நடத்தினார். யாருக்குக் காஃபீன், யாருக்கு வெறும் சர்க்கரை என்பது உண்டவருக்கும் தெரியாது. பதிவு செய்தவருக்கும் தெரியாது. காஃபீன் வேலைத் திறனைக் கெடுக்கவில்லை என்பது முடிவு. ஆயினும் அச்சோதனை காஃபீனைத் தனியே அளந்ததேயன்றி மதுவோடு சேர்த்து அளக்கவில்லை. அக்கேள்வி பின்வந்த தலைமுறைக்கு எஞ்சிநின்றது.

பின்னர்க் கதை ஆசியாவுக்கு வருகிறது. 1962-இல் ஜப்பானில் லிப்போவிட்டான் என்னும் ஊக்க பானம் வெளிவந்தது. எழுபதுகளில் தாய்லாந்தில் லாரி ஓட்டுநரும் உழைப்பாளரும் பருகும் பானமாகக் கிராட்டிங் டேங் பரவியது. அந்நாட்டிலேயே, விழித்திருந்து உழைக்கும் எளியோரிடம் மெத்தாம்ஃபிட்டமீனும் காஃபீனும் கலந்த மாத்திரைகளும் புகுந்தன. 'யாபா', அதாவது பித்து மருந்து, என்று அதற்குப் பெயர். கிராட்டிங் டேங்கின் மேலைநாட்டு வடிவமான ரெட் புல் 1987-இல் ஆஸ்திரியாவில் விற்பனைக்கு வந்தது. நாளடைவில் இளைஞர் கேளிக்கைகளில் அது வோட்காவுடன் சேர்ந்தது.

அமெரிக்க வணிகர் இரண்டையும் ஒரே டப்பியில் அடைத்தே விற்கலாயினர். ஏறத்தாழ 700 மில்லி லிட்டர் கொண்ட ஒரு டப்பி நான்கைந்து பியருக்கு ஈடாக இருந்தது. 2010-இல் கல்லூரி மாணவர் பலர் இவற்றைப் பருகி மருத்துவமனை சேர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், மதுவில் காஃபீன் சேர்ப்பது பாதுகாப்பானதன்று என நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அவ்வகைச் சரக்குகள் கடைகளிலிருந்து மறைந்தன.

மூளையில் அடெனோசின் என்னும் பொருள் சேரச்சேர உறக்கம் வருகிறது. காஃபீன் அப்பொருளின் வேலையைத் தடுத்துக் களைப்பை மறைக்கிறது. ஆனால் இரத்தத்திலுள்ள மதுவின் அளவை அது ஒரு துளியும் குறைப்பதில்லை. மதுவை மெல்லமெல்லக் கழிப்பது பெரும்பாலும் கல்லீரலே. குடித்தவன் தள்ளாடுவதும் கண் அயர்வதும் போதுமென்று உடல் தரும் எச்சரிக்கைகள். அவற்றுள் அயர்ச்சியை மட்டும் காஃபீன் மறைத்துவிடுகிறது. தெளிவாக இருக்கிறோம் என்று எண்ணுபவனுடைய கையும் காலும் மயக்கத்திலேயே இருக்கின்றன. அவன் மேலும் குடிக்கிறான், அல்லது வண்டியை எடுக்கிறான்.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வகுத்த விதி, காஃபீன் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கூடாது என்கிறது. 250 மில்லி லிட்டர் டப்பியில் 75 மில்லிகிராம். அது ஏறக்குறைய ஒரு கோப்பைக் காப்பியின் அளவே. ஆகவே பானத்தைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை; கலப்பைக் கண்டே அஞ்சவேண்டும். அதற்கு 'ஆற்றல் பானம்' என்னும் பெயர் மொழிபெயர்ப்பாளரான நமக்குச் சற்று நெருடுகிறது. சர்க்கரை தரும் ஆற்றல் ஒருபுறமிருக்க, காஃபீன் களைப்பை ஒத்திவைக்கிறதேயன்றிப் புதிதாக எதையும் தருவதில்லை.

பிற மாநிலங்களில் இரவுப் பணி பார்க்கும் நம் இளைஞர்கள், அறையில் வாழும் தனியர்கள், நெடுவழி ஓட்டுநர்கள் ஆகியோருக்கு இச்செய்தியைச் சொல்லும் மூத்தோர் அருகிலில்லை. அவர்களிடம் நாம்தான் சொல்லவேண்டும். குடித்த நண்பனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடாமல், வண்டிச் சாவியை வாங்கி வைத்து அவனை அங்கேயே உறங்கச் செய்வதே உதவியாகும்.