தண்ணீர் பில்லை எரித்த ஊர்

வெள்ளீயச் சுரங்கங்களை மூன்று பெருமுதலாளிகளிடமிருந்து பறித்து அரசுடைமையாக்கியவர் விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ, பொலிவியாவின் 1952 புரட்சி நாயகர். 33 ஆண்டுகள் கழித்து, 77 வயதில் மறுபடியும் அதிபரானபோது, அந்தச் சுரங்கங்களை இழுத்து மூடியவரும் அவரேதான்.

1984 ஆகஸ்டிலிருந்து ஓராண்டில் பொலிவியாவில் விலைவாசி சுமார் 200 மடங்கு ஏறியிருந்தது. வாங்கிய சம்பளத்தின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்தது. 1985 ஆகஸ்ட் 29 அன்று பாஸ் எஸ்தென்சோரோ ஒரு அரசாணை போட்டார். எண் 21060. விலைக் கட்டுப்பாடு போனது, இறக்குமதிக்குக் கதவு திறந்தது, அரசு ஊழியர் ஊதியம் உறைந்தது, ஆட்குறைப்பு எளிதானது. ஆலோசனை சொல்ல ஹார்வர்டிலிருந்து ஜெஃப்ரி சாக்ஸ் என்ற இளம் பொருளாதாரப் பேராசிரியர் வந்தார். சில வாரங்களில் விலையேற்றம் நின்றது. எல்லாவற்றையும் சந்தையிடம் விடும் இந்த நவதாராளவாதத்தை விமர்சிப்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டுவது வழக்கம், அது நேர்மையில்லை. நின்றது உண்மை. கணக்கு யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி.

அந்த அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. அரசுச் சுரங்கங்களிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகத் தலைநகர் லா பாஸை நோக்கி நடந்தார்கள். கலமார்க்கா என்ற ஊரில் ராணுவம் சுற்றி வளைத்துத் திருப்பி அனுப்பியது. பிறகு பிழைப்பு தேடிச் சிதறினார்கள். சிலர் சப்பாரே காட்டுக்குக் கோக்கா பயிரிடப் போனார்கள், சிலர் லா பாஸுக்கு மேலே எல் ஆல்டோவுக்கு. இன்னும் பலர் கொச்சபாம்பா நகரின் தெற்கு மேடுகளில் குடிசை போட்டார்கள். கையில் பணமில்லை. ஆனால் சங்கம் கட்டத் தெரியும், சாலையை மறிக்கத் தெரியும். 21060 அந்த ஊருக்கு அனுப்பிய சரக்கு இதுதான்.

தெற்கு மேடுகளில் நகராட்சிக் குழாய் கிடையாது. லாரித் தண்ணீர்தான்; அதற்குக் குழாய் உள்ள வீட்டுக்காரர் தருவதைவிடப் பல மடங்கு விலை. ஆகவே தெருத்தெருவாகப் பணம் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் மண்வெட்டி பிடித்து, கிணறு வெட்டி, பம்பு வைத்து, தாங்களே ஒரு கமிட்டி அமைத்து நடத்தினார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் கெச்சுவா பழங்குடி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி வந்தார்கள். இவை எதற்கும் பத்திரம் இல்லை. ஊர் வழக்கம்தான் பத்திரம்.

1999 செப்டம்பரில், உலக வங்கியின் தொடர் நெருக்குதலுக்குப் பிறகு, கொச்சபாம்பாவின் குடிநீர் 40 ஆண்டுகளுக்கு அகுவாஸ் தெல் துனாரி என்ற கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. பின்னணியில் அமெரிக்காவின் பெக்டெல், ஸ்பெயினின் அபெங்கோவா. ஏலத்தில் போட்டி நல்லது என்று உலகுக்கே பாடம் எடுத்தவர்களின் திட்டத்தில், ஏலம் கேட்க வந்தது ஒரே ஒரு கூட்டணி. நிறுவனத்துக்குச் சுமார் 16 சதவீத ஆதாயம் உறுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். நஷ்டத்துக்குத் துணிந்தவனுக்குத்தான் லாபம் என்பது சந்தையின் விதி அல்லவா? இங்கே லாபம் மட்டும் துணிச்சல் இல்லாமலே வந்தது.

அடுத்த மாதம் வந்த 2029ஆம் எண் சட்டம், ஒப்பந்தப் பகுதிக்குள் நீர் விநியோகிக்கும் தனி உரிமையை நிறுவனத்துக்கே தந்தது. மழைநீரைப் பிடிக்கக்கூட உரிமம் வேண்டுமாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அது கொஞ்சம் மிகை. தாங்கள் வெட்டிய கிணறு தங்கள் கையை விட்டுப் போகும் என்ற பயம் மிகையல்ல.

2000 ஜனவரியில் புதிய பில்கள் வந்தன. சராசரி ஏற்றம் 35 சதவீதம் என்றது நிறுவனம். பல வீடுகளில் இரண்டு மடங்கு. குறைந்தபட்சக் கூலி மாதம் 70 டாலரைத் தொடாத நாட்டில் 20 டாலர் தண்ணீர் பில். நகராட்சி நீர் நிறுவனத்தின் பழைய கடனும், மிசிகூனி என்ற பெரிய அணைத் திட்டமும் அந்தக் கட்டணத்தில் ஏற்றப்பட்டிருந்தன. மிசிகூனி கட்டுப்படியாகாது என்று சொன்னது உலக வங்கியே. கட்டண ஏற்றத்துக்கு மானியம் தரக்கூடாது என்று சொன்னதும் அதுவே.

செருப்பு ஆலைத் தொழிலாளி ஓஸ்கர் ஒலிவேரா முன்னின்ற நீர்ப் பாதுகாப்புக் கூட்டமைப்பில் ஆலைத் தொழிலாளர், பாசன விவசாயிகள், தெற்கு மேட்டுக் கமிட்டிகள், மாணவர்கள், பில்லைப் பார்த்துக் கொதித்த நடுத்தர வர்க்கம் என எல்லோரும் சேர்ந்தார்கள். சதுக்கத்தில் பில்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். பிப்ரவரியில் கண்ணீர்ப்புகை, மார்ச்சில் மக்களே நடத்திய வாக்கெடுப்பு, ஏப்ரலில் முழு அடைப்பு. அதிபர் ஊகோ பான்சர் எழுபதுகளில் சர்வாதிகாரியாக இருந்து, பிறகு தேர்தலில் வென்று வந்தவர். பழக்கம் விடவில்லை: ஏப்ரல் 8 அன்று நெருக்கடி நிலை அறிவித்தார். அன்று 17 வயது மாணவன் ஒருவன் குண்டடிபட்டு இறந்தான். சாதாரண உடையில் ராணுவ கேப்டன் ஒருவர் கூட்டத்தை நோக்கிச் சுடுவது தொலைக்காட்சியில் தெரிந்தது. ராணுவ நீதிமன்றம் பின்னர் அவரை விடுவித்தது. ஏப்ரல் 10 அன்று அரசு பணிந்தது. ஒப்பந்தம் ரத்து, சட்டமும் திருத்தப்பட்டது.

பெக்டெல் தரப்பு விடவில்லை. உலக வங்கியின் குடைக்கீழ் உள்ள முதலீட்டுத் தகராறு மன்றத்தில் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கேட்டது. அமெரிக்காவுக்கும் பொலிவியாவுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பேரில் அல்ல. முகவரியை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டு, அந்நாட்டு ஒப்பந்தத்தின் பேரில். பல நாடுகளில் கண்டனம் கிளம்பிய பின், 2006 ஜனவரியில் பொலிவிய நாணயத்தில் வெறும் 2 பொலிவியானோ வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தார்கள்.

கம்பெனி போனதால் குழாயில் தண்ணீர் வந்துவிடவில்லை. மீண்டும் பொறுப்பேற்ற நகராட்சி நிறுவனத்தில் ஊழலும் திறமையின்மையும் பழையபடி தொடர்ந்தன. மிசிகூனி அணை 2017இல்தான் திறக்கப்பட்டது. தெற்கு மேட்டு மக்கள் பலர் அதற்குப் பிறகும் லாரித் தண்ணீருக்கே காசு கொடுத்தார்கள். தனியார் வேண்டாம் என்று சொன்ன மக்களுக்கு, அரசு தன் பங்கைச் செய்யவில்லை.

அடுத்த வாரம் சிலேவுக்குப் போகலாம். 1981இல் அங்கே நாட்டு மக்களின் ஓய்வூதியத்தைத் தனியார் நிதி நிறுவனங்களிடம் கொடுத்த ராணுவ ஆட்சி, ராணுவத்துக்கு மட்டும் பழைய ஓய்வூதியத்தையே வைத்துக்கொண்டது.