ஆயாக் கொட்டகை: கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் குழந்தை காப்பின் வரலாறு

ஈப்போவுக்குத் தெற்கே, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் கோப்பெங் முதலில் ஈயத்தால் வளர்ந்த ஊராகும். மலையோடைகளின் நீரைப் பெருங்குழாய்களில் இறக்கி மண்ணைக் கரைத்து ஈயமணல் பிரிக்கும் முறை இங்கு வேரூன்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, காடுகள் அழிக்கப்பட்டுச் சரிவுகளில் பால்மரங்கள் நடப்பட்டன. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் வில்லியம் கெல்லி ஸ்மித் நிறுவிய கிந்தா கெல்லாஸ் தோட்டமும், 1926இல் அவர் இறந்ததால் முடிவுறாமல் நின்றுவிட்ட அவரது மாளிகையும், அதனருகே தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலும் அந்தக் காலத்தின் எச்சங்கள். ஈயச் சுரங்கத்திற்குப் பெரும்பாலும் தனி ஆண்கள் வந்தார்கள். ரப்பர் தோட்டத்திற்கோ கணவனும் மனைவியும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இந்த வேறுபாட்டிலிருந்துதான் ஆயாக் கொட்டகை பிறந்தது. பால்வெட்டப் போகும் தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பொதுக் காப்பிடத்திற்கு மலேசியத் தோட்டத் தமிழர் இட்ட பெயர் அது. இலங்கை மலையகத்தில் அதையே பிள்ளைக் காம்பரா என்பார்கள்.

பால்வெட்டு விடியற்கால வேலை. வெயில் ஏறுமுன், காற்று குளிர்ந்திருக்கும் வேளையில் பட்டையைச் சீவினால்தான் பால் தாராளமாக வடியும் என்பதால், பொழுது புலருமுன்பே 'பெரட்டு' எனப்படும் ஆள்கணக்கெடுப்பு நடந்து முடிந்துவிடும். தன் நிரையிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாகச் சீவி முடித்தபின், மங்குகள் நிறையும்வரை காத்திருந்து, பாலை வாளிகளில் சேர்த்துத் தலைமேலோ தோளில் வைத்த காண்டாக் கம்பிலோ சுமந்து நிறுவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் இடையே கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில், கொட்டகைக்கு அருகில் நிரை அமைந்த தாய் ஓடிவந்து பிள்ளைக்குப் பாலூட்டிப் போக முடிந்தது; தொலைவிலிருக்கும் மலைக்காட்டு நிரை வாய்த்தவளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நிரையைப் பிரித்துக் கொடுத்தவர் வேலையை மேற்பார்த்த கங்காணியோ தண்டலோ என்பதால், கைக்குழந்தையின் வயிறு அவர்களின் கைக்குள் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

கங்காணிக்கு இதில் நேரடி ஆதாயமும் இருந்தது. தான் அழைத்துவந்த ஆட்களில் அன்று வேலைக்கு இறங்கியவர்களின் எண்ணிக்கைக்கேற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்ததால், பிள்ளையின் பொருட்டு வீட்டில் தங்கிய ஒவ்வொரு தாயும் அவருக்கு ஒரு நட்டம். குடும்பத்தின் நிலையும் வேறில்லை: 1920களின் இறுதியில் நிலையான கூலி என வகுக்கப்பட்டது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதால், பெண்ணின் கூலியை விட்டுவிட்டு வாழ்ந்துவிட முடியாது. ஆகவே கொட்டகையைக் கருணையின் அடையாளமாக மட்டும் காண்பது பிழை. அது தாயை வேலைக்களத்தில் நிறுத்தும் ஏற்பாடாகவே முதலில் பயன்பட்டது. சட்டம் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால்தான் வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பச்சிளம் பிள்ளைகளுக்கான காப்பிடமும் பணிப்பெண்ணும் தோட்ட நிர்வாகத்தின் கடமைகளுள் காலப்போக்கில் சேர்ந்தன. சுதந்திர இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றும், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணொருத்தி அதன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

மலாயாவின் கொட்டகைகளில் பயிற்சி என்ற சொல்லுக்கு இடமிருந்ததில்லை. ஆயா பெரும்பாலும் முதுமையாலோ நோயாலோ உளி பிடிக்க முடியாமற்போன தோட்டத்துப் பெண். அவள் அறிவு தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்ததில் வந்தது. லயத்து வீடுகளுக்கு அருகே, தகரக் கூரையும் அரைச்சுவரும் மேலே கம்பிவலையோ மரச்சட்டமோ கொண்ட கொட்டகையின் உத்தரத்தில் பழம்புடவைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். துணி முகத்தில் மூடி மூச்சு முட்டாதிருக்கக் குறுக்கே ஒரு கம்பு வைத்து விரித்திருப்பார்கள். தவறி விழுந்தாலும் அடி பலமாகப் படாதபடி தொட்டிலைத் தாழ்வாகக் கட்டுவார்கள். பால் டின்னும் சர்க்கரையும் இருக்கும் பெட்டியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் குவளைகள் வைத்து எறும்பைத் தடுப்பார்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத இம்முறைகளே அன்றைய பாதுகாப்பு விதிகள். நடக்கப் பழகிய பிள்ளைகள்தாம் ஆயாவுக்குப் பெருந்தொல்லை, ஏனெனில் அரைச்சுவர் தவழும் பிள்ளையைத் தடுக்குமே தவிர ஏறும் பிள்ளையைத் தடுக்காது.

கொட்டகைக்கு வெளியே அபாயங்கள் பலவாக இருந்தன. மலேரியா அவற்றுள் முதன்மையானது: மலையடிவாரக் காடு வெட்டப்பட்டு ஓடைகளில் வெயில் விழத் தொடங்கியதும், அந்தத் தெளிந்த நீரில் பெருகும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு தோட்டங்களைப் பீடித்தது. இதைக் களத்தில் ஆய்ந்து வடிகால் அமைப்பையும் எண்ணெய் தெளிப்பையும் வற்புறுத்தியவர் மருத்துவர் மால்கம் வாட்சன். இரண்டாவது, நஞ்சு. களைகளைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணக் கரைசலும், பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலமும் தோட்டங்களில் புழங்கின. பின்னாளில் ஆர்சனைட்டின் இடத்தைப் பிடித்த பராகுவாட்டும் குறைந்த நஞ்சன்று, மலேசியா அதைத் தடை செய்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். மருந்தடிக்கும் பெண்ணின் உடையில் ஒட்டியதும், வீட்டுக்கு வந்த காலி டின்னும் பிள்ளைகளை எட்டுவது எளிது. கோப்பெங் வட்டாரத்திற்கே உரியது மூன்றாவது அபாயம்: ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி உருவான குட்டைகள். கரை சட்டென்று சரியும் அவற்றின் அருகே பிள்ளைகளை விடாதிருப்பதை எந்த ஆயாவும் மறந்திருக்க முடியாது.

பால் விஷயத்தில் ஆயாவின் அனுபவம் உதவவில்லை. தாய் இல்லாத நேரத்தில் தண்ணீரில் கரைத்த இனிப்புக் கட்டிப்பால் கொடுக்கும் வழக்கம், விளம்பரத்தின் வலிமையாலும் மலிவாலும் மலாயா முழுவதும் பரவியிருந்தது. 1936இல் மலாயாவுக்கு வந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், அந்தப் பாலைக் குழந்தை உணவாக விற்பது கொலைக்கு நிகர் என்று கடிந்தார். கூலிவேலையும் தாய்ப்பாலும் ஒன்றோடொன்று மோதிய இடம் கொட்டகை என்பதால், அவர் சொன்னதன் உண்மை அங்கே வெளிப்படையாகத் தெரிந்திருக்கும்.

கொட்டகை இல்லாத தோட்டங்களில் அல்லது ஆயாவால் சமாளிக்க முடியாத அளவு பிள்ளைகள் சேர்ந்த நாட்களில், பொறுப்பு அக்காமார் இடுப்பில் ஏறியது. தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்த சிறுமிகளின் எண்ணிக்கையைத் தோட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள் காட்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் ஆண்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றதால் பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தகப்பன் திரும்பவில்லை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின்போது, லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நிலவியதால், சோறு கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவதே குற்றமாயிற்று. கைக்குழந்தையை உடன் எடுத்துச் செல்லும் பழைய வழக்கம் அத்தகைய தோட்டங்களில் மேலும் அரிதாகி, வேலிக்குள் இருந்த கொட்டகை இன்றியமையாததாயிற்று.

ரப்பர் இடத்தை எண்ணெய்ப்பனை பிடித்துக்கொண்டதோடு கொட்டகைகளின் காலமும் தளரத் தொடங்கியது. பனைக்குப் பால்வெட்டு இல்லை, அதற்குரிய விடியற்கால ஆள்திரளும் இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் குடும்பங்கள் ஈப்போவையும் சிறு நகரங்களையும் நோக்கி நகர்ந்தன. தொழிற்சாலை வேலைக்குப் போகும் தாய் இப்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விடுகிறாள்; அவர்கள் இருவருக்குமிடையில் தோட்ட நிர்வாகமும் இல்லை, தோட்டத்து மருத்துவ உதவியாளரும் இல்லை. 'தாஸ்கா' என்னும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்காக மலேசியா 1984இல் இயற்றிய சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் கட்டணத்திற்குக் கவனிக்கப்படும் இடத்தைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. மூன்று பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. தோட்டத்து மண்ணிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை காக்கும் வேலை பெரிதும் நடப்பது இந்த வீடுகளில்தான்.