கட்டமும் ஒப்பீடும்: டிஜிட்டல் ஓவியத்தில் காட்சியமைப்புக் கல்வி வந்த வழி

ஓவியர்கள் பேச்சுவழக்கில் ‘கம்போசிஷன்’ என்று சொல்லும் காட்சியமைப்பு, டிஜிட்டல் ஓவியம் கற்க வருபவருக்கு இன்று பெரும்பாலும் கோடுகளாகத்தான் அறிமுகமாகிறது. கைப்பேசிக் கேமராவில் கட்டக்கோடுகளை இயக்கினால் திரை ஒன்பதாகப் பிரிகிறது. போட்டோஷாப்பில் கிராப் கருவியை எடுத்தாலும் அதே ஒன்பது கட்டங்கள் வந்து நிற்கின்றன. 2010-இல் வெளியான சிஎஸ்5 பதிப்பில் மூன்றுபங்கு விதியின் கட்டம் கிராப் கருவியோடு சேர்ந்தது. 2012-இன் சிஎஸ்6 பதிப்பில் பொன்விகிதம், பொற்சுருள், மூலைவிட்டம், முக்கோணம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. இதைப் பார்க்கும் மாணவர், எதை எந்தப் புள்ளியில் வைப்பது என்று தெரிந்துகொண்டால் காட்சியமைப்பு கைவந்துவிடும் என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் காட்சியமைப்பைக் கற்பித்த வரலாற்றைப் புரட்டினால் அதில் இரண்டு மரபுகள் தென்படுகின்றன. ஒன்று, அளவு சொல்லும் மரபு. மற்றொன்று, ஒரே காட்சியைப் பல விதமாக அமைத்து, அருகருகே வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் மரபு. மென்பொருள் முதலாவதை எளிதாக விழுங்கிக்கொண்டது. இரண்டாவதற்கு அதில் பொத்தான் இல்லை. கற்பித்தலின் பெரும்பகுதி எப்போதும் இரண்டாவதில்தான் நடந்துவந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்றுபங்கு விதியிலிருந்தே தொடங்கலாம். அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் லண்டனைச் சேர்ந்த செதுக்கோவியர் ஜான் தாமஸ் ஸ்மித். ஊர்ப்புறக் காட்சிகளைப் பற்றி அவர் 1797-இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது. ஒரு படத்தில் சம அளவுள்ள இரண்டு ஒளிப்பகுதிகள் இருக்கக்கூடாது என்று ஜோஷுவா ரெனால்ட்ஸ் சொன்ன கருத்தை எடுத்து நீட்டித்துச் செல்கிறார் ஸ்மித். நிலம் ஒரு பங்கென்றால் வானம் இரண்டு பங்கு, ஒரு பங்கு ஒளிக்கு இரண்டு பங்கு நிழல் என்று அவர் பேசுவதெல்லாம் பரப்புகளின் விகிதம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளில் முக்கியப் பொருளை வைக்கவேண்டும் என்ற இன்றைய பாடம் அவரிடம் இல்லை. விதி கைமாறி வந்ததில் பரப்பு கழன்றுபோய்ப் புள்ளி மட்டும் மிஞ்சியது. அது மிஞ்சியதற்குக் காரணம் அதன் அழகியல் வலிமை என்பதைவிட, வரைவதற்கு அது மிக எளிது என்பதே. அகலத்தையும் உயரத்தையும் மூன்றால் வகுத்தால் கட்டம் தயார். எந்தப் பரப்பு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைத் திரையில் கோடு போட்டுக் காட்ட முடியாது.

காட்சியமைப்பு முன்பெல்லாம் தொடக்கநிலைப் பாடமாகவே இருந்ததில்லை. 1435-இல் எழுதிய ஓவிய நூலில் ஆல்பர்ட்டி அதைப் பரப்பிலிருந்து உறுப்பு, உறுப்பிலிருந்து உடல், உடலிலிருந்து முழுக்கதைக் காட்சி என்று கட்டியெழுப்பும் வேலையாக விளக்கினார். ஐரோப்பியக் கலைக்கழகங்களும் அதே ஏறுவரிசையைப் பின்பற்றின: அச்சுப்படத்தைப் பார்த்து வரைதல், பிறகு சுதைச்சிலை, பிறகு உயிர்மாதிரி, எல்லாம் முடிந்த பின் காட்சியமைப்பு. ஆனால் அந்தக் கடைசிப் படியில் ஒரு கண்டிப்பு இருந்தது. பாரிசில் ரோம் பரிசுக்குப் போட்டியிட்டவர்கள் தனியறையில் அடைபட்டு முதலில் ஒரு சிறு முன்வரைவைத் தீட்டவேண்டும். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்கள் பல வாரம் உழைத்து முடிக்கும் பெரிய ஓவியம் அந்த முன்வரைவிலிருந்து விலகக்கூடாது. அமைப்பு என்பது முன்கூட்டியே எடுத்து, பிறகு மீற முடியாத ஒரு முடிவு. லண்டன் தென் கென்சிங்டன் முறையோ 23 படிநிலைகள் கொண்டது; தாமாக ஒன்றை வடிவமைப்பது கடைசிப் படிகளில்தான் வரும். அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் மீதும் பின்னாளில் இந்த முறையின் நிழல் விழுந்தது. 1871-இல் வால்டர் ஸ்மித் வழியாக அது பாஸ்டனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த பாஸ்டனில்தான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவரும் தோன்றினார். ஆர்தர் வெஸ்லி டோ பாரிசில் பயின்று திரும்பியவர். 1891-இல் ஹொகுசாயின் படங்களைக் கண்டு, நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலைப் பிரிவைக் கவனித்துவந்த எர்னஸ்ட் ஃபெனலோசாவிடம் போய்ச் சேர்ந்தார். 1899-இல் வெளியான டோவின் ‘கம்போசிஷன்’ நூல், வரையத் தெரிந்த பிறகு அமைக்கலாம் என்ற எண்ணத்தையே மறுத்தது. அதன் பயிற்சிகள் பார்வைக்கு எளியவை. நாலைந்து கோடுகளால் ஆன ஒரு நிலக்காட்சி கொடுக்கப்படும்: ஒரு மரம், ஒரு கரை, ஒரு தொடுவானம். மாணவர் அதை ஒல்லியான நெடுஞ்சட்டத்தில் ஒருமுறை, சதுரத்தில் ஒருமுறை, அகலச் சட்டத்தில் ஒருமுறை அமைப்பார். தொடுவானத்தை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பார். பிறகு அதே கோடுகளுக்குள் கறுப்பும் வெள்ளையும் மட்டும் நிரப்புவார். கரையைக் கறுப்பாக்கினால் மரம் என்ன ஆகிறது? நீரைக் கறுப்பாக்கினால் கரை எங்கே போகிறது? அடுத்து ஒரு சாம்பல் சேரும். முடிவுகளின் எண்ணிக்கை சட்டென்று பெருகும். இந்த ஒளி–இருள் அடுக்கை டோ ‘நோட்டன்’ என்ற ஜப்பானியச் சொல்லால் குறித்தார். பயிற்சியின் உயிர் அதன் கடைசிப் படியில் இருக்கிறது: செய்தவற்றையெல்லாம் ஒன்றாகப் பரப்பி, எது மேல் என்று மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான் மாறுகிறது என்பதால் மேலானது எதனால் மேலானது என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பிராட் கல்லூரியிலும், 1904 முதல் 1922-இல் இறக்கும்வரை கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியிலும் டோ கற்பித்தார். ஒளிப்படக்காரர் கிளாரன்ஸ் வைட்டை அங்கே ஆசிரியராக அழைத்துவந்தவர் அவரே. ஜார்ஜியா ஓ’கீஃப் அவரிடம் பயின்றவர். ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில் இருந்ததால் அவர் முறை பள்ளிகளுக்குள்ளும் பரவியது. வணிகக் கலையில் இதே வேலை வேறு உருவம் எடுத்தது. 1930-களில் டிஸ்னி கலைஞர்களுக்கு வகுப்பெடுத்த டான் கிரகாம், நகரும் படத்தின் சட்டகத்தையும் அமைப்புப் பிரச்சினையாகவே பார்க்கக் கற்பித்தார். ஸ்டோரிபோர்டு சுவரே ஒப்பீட்டுக்கென்று ஏற்பட்ட இடம் போலிருந்தது. 1948-இல் ஆல்பர்ட் டோர்ன், நார்மன் ராக்வெல் முதலானோர் கனெக்டிகட்டில் தொடங்கிய அஞ்சல்வழி ஓவியப் பள்ளியில், மாணவர் அனுப்பிய படத்தின் மேல் ஆசிரியர் ஒரு மெல்லிய தாளை விரித்து, திருத்திய அமைப்பை அதில் வரைந்து, கடிதத்தோடு திருப்பி அனுப்புவார். மாணவர் தாளைத் தூக்கினால் தன் படம், இறக்கினால் ஆசிரியரின் படம். கான்செப்ட் ஆர்ட் வகுப்புகளில் இன்று ‘பெயின்ட்ஓவர்’ என்று நடப்பது இதுதான். கண் சின்னத்தை அழுத்தி லேயரை மறைப்பதும் காட்டுவதும் தாளைத் தூக்கி இறக்கும் வேலையேயன்றி வேறல்ல.

கணினி இதில் எதை மாற்றியது? 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட்டும், 1981-இன் குவான்டெல் பெயின்ட்பாக்ஸும் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தன. ஆனாலும் காட்சியமைப்பைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 1994-இல் போட்டோஷாப் 3.0 கொண்டுவந்த லேயர்தான் என்பது என் கணிப்பு. மலை ஒரு லேயர், மரம் ஒரு லேயர், ஆள் ஒரு லேயர் என்று பிரித்துவிட்டால், முகத்தின் சுருக்கங்களைத் தீட்டி முடித்த பிறகும் ஆளை இடப்பக்கம் தள்ளலாம். கேன்வாஸை நாலு பக்கமும் நீட்டலாம். ரோம் பரிசுக்காரர் முதல் நாளே எடுத்த முடிவைக் கடைசி நாள்வரை ஒத்திப்போடலாம். முடிவுக்கு இருந்த விலை போனதும், முடிவெடுக்கும் பழக்கமும் தளர்ந்தது. ஆளை நகர்த்திய மறுகணம் நகர்த்தாத படம் திரையில் இல்லை. ஹிஸ்டரி பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் கண்முன் இருப்பது எப்போதும் ஒரே படம். மாற்றும் வசதி எல்லையில்லாமல் பெருகியபோது ஒப்பிடும் வாய்ப்பு குறைந்துபோனது.

இதை ஈடுகட்டவே டிஜிட்டல் ஓவிய ஆசிரியர்கள் பழைய தந்திரங்களை ஒவ்வொன்றாகத் திரைக்குள் கொண்டுவந்தார்கள். படத்தைக் கண்ணாடியில் பார்த்தால் குறை தெரியும் என்று லியொனார்டோ எழுதிவைத்தார். இன்று கேன்வாஸை இடவலமாகத் திருப்புகிறார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக, நேவிகேட்டரில் தபால்தலை அளவுக்குச் சிறுத்த படத்தைப் பார்க்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியர்கள் கையில் வைத்திருந்த கருநிறக் குவிகண்ணாடி செய்த வேலையை, எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் ஒரு கறுப்பு–வெள்ளை லேயர் செய்கிறது. தம்ப்நெயில் பயிற்சியோ டோவின் பயிற்சியே: ஒரே கேன்வாஸில் ஆறோ எட்டோ சிறு சட்டங்கள், மூன்றே மூன்று சாம்பல் நிறங்கள், பெரிய தூரிகை, ஜூம் கிடையாது. இந்தத் தடைகள் எவையும் மென்பொருளுக்குத் தேவையில்லை, கற்பவருக்குத் தேவை. பெரிதாக்க முடியாதபோது கண்ணும் மூக்கும் வரைய முடியாது, பரப்புகளைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய ஓவியர்கள் மட்டும் முதல் முடிவிலேயே நின்றார்களா? இல்லை. பிராடோவில் இருக்கும் வெலாஸ்கெஸின் நான்காம் பிலிப் குதிரையேற்ற ஓவியத்தில், அவர் மாற்றி வரைந்த பழைய குதிரைக் கால்கள் மேல்வண்ணத்தைத் தாண்டி இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. பிற்கால மாற்றம் ஓவியத்துக்கு அந்நியமானதல்ல; லேயர் தந்த சுதந்திரத்தைச் சோம்பல் என்று ஒதுக்குவதும் பிழை. ஆனால் வெலாஸ்கெஸ் மாற்றியது பல்லாண்டுப் பயிற்சி முடித்த கண்ணோடு. என் கேள்வி தேர்ந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்பதல்ல, கற்பவர் எதிலிருந்து கற்கிறார் என்பது. ஒன்றை அழித்து அதன் மேல் இன்னொன்றை வைக்கும்போது முந்தையதை நினைவிலிருந்துதான் ஒப்பிட வேண்டும். அந்த நினைவுதான் தொடக்கநிலை மாணவரிடம் இன்னும் உருவாகாதது.

இரண்டாவது மறுப்பு: தொடங்குபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விதி வேண்டாமா? வேண்டும், எல்லாவற்றையும் நட்ட நடுவில் வைக்கும் கையைக் கொஞ்சம் நகர்த்த ஒன்பது கட்டம் உதவும்தான். ஆனால் அதை மனிதக் கண்ணின் இயல்பு என்று சொல்லிக் கொடுப்பது வேறு. பெர்க்லியில் ஸ்டீபன் பாமரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், சட்டகத்தில் ஒரே ஒரு பொருள் நேர்முகமாக இருந்தால் பார்ப்பவர்கள் அதை நடுவில் வைக்கவே விரும்பினார்கள். பக்கம் பார்த்திருந்தால், அது படத்துக்குள் நோக்கியிருப்பதை விரும்பினார்கள். கோடுகள் கண்ணை இழுத்துச்செல்லும் என்ற பாடமும் இதே போலத்தான். சிகாகோவில் கை பஸ்வெல் 1935-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே படத்தில் ஒருவரின் பார்வை போன தடம் இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லை. சோவியத் ஆய்வாளர் அல்ஃப்ரெட் யார்பஸ், ரஷ்ய ஓவியர் ரெபினின் ஓர் ஓவியத்தைக் காட்டி, இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி, இவர்களுடைய வயது என்ன என்று கேள்வியை மாற்றிக்கொண்டே போனார். கேள்விக்கேற்ப பார்வைத் தடமும் மாறியது. பார்வை எங்கே போகும் என்பதை ஓவியர் ஓரளவு தூண்டலாம், வரைபடம் போட்டு உறுதிசெய்ய முடியாது. அப்படியானால் அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்துவதைவிட, இரண்டு மாற்று அமைப்புகளை வகுப்பின் முன் வைத்து எது முதலில் தெரிகிறது என்று கேட்பதே நேர்மையான வழி.

மூன்றாவது மறுப்பு புதியது. ஒப்பீடுதான் ஆசிரியர் என்றால், 2022 முதல் பரவிய படம் உருவாக்கும் இயந்திரங்கள் அதைத் தாராளமாகத் தருகின்றனவே? மிட்ஜர்னி ஒரு வாக்கியத்துக்கு நான்கு படங்களை அருகருகே வைக்கிறது. டோவுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் அந்த நான்கிலும் தொடுவானம், ஒளி, ஆளின் நிலை, நிறம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியிருக்கும். மூன்றாவது படம் பிடித்திருக்கிறது என்று மாணவர் சொல்லலாம், எதனால் என்று சொல்லத் திணறுவார். தேர்வு நடக்கிறது, காரணம் பிடிபடுவதில்லை. பிறவற்றையெல்லாம் நிலைநிறுத்தி ஒன்றை மட்டும் மாற்றுவது இந்தக் கருவிகளாலும் முற்றிலும் முடியாததல்ல; படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறுபடி உருவாக்கச் சொல்லும் வசதி அவற்றில் இருக்கிறது. நான்கில் ஒன்றை எடுத்துக் கறுப்பு–வெள்ளையாக்கி, தொடுவானத்தை மட்டும் மூன்று உயரங்களில் நிறுத்தி, மூன்றையும் ஒரே தாளில் கொண்டுவரும்படி ஒரு வகுப்பில் வேலை கொடுக்கலாம். அதைக் கருவி தானாகச் செய்யாது, வேலை கொடுக்கும் ஆசிரியர்தான் கேட்க வேண்டும்.