அசையாத பனிமனிதன்

ஓர்லாண்டோவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் திறந்தது 1998 ஏப்ரல் 22, புவி தினத்தில். அதன் முதல் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். யானை, சிங்கம், டைனோசரோடு ஒரு டிராகனும் நிற்கும். கற்பனை விலங்குகளுக்கென்று தனிப் பகுதி கட்ட நினைத்தார்கள்; கட்டவில்லை. அந்த இடத்தில் 2017இல் வந்தது பண்டோரா.

ஆனால் 2006இல் ஒரு கற்பனை விலங்கு வந்து சேர்ந்தது, எனக்கு மிகப் பிடித்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டரில். மலையின் உயரம் 199.5 அடி. 200ஐத் தொட்டால் விமானங்களுக்கு எச்சரிக்கை விளக்கு வைக்கவேண்டும். இமயமலையில் சிவப்பு விளக்கா! மேலே தண்டவாளம் பிய்ந்து கிடக்கும், ரயில் நிற்கும். அந்தச் சில நொடிகளில் நமக்குப் பின்னால் தண்டவாளம் புரண்டு வேறு பாதையோடு சேர்ந்துவிடும். பிறகு இருட்டுக்குள் பின்னோக்கிப் பாய்ச்சல்.

கடைசியில் பனிமனிதன் யெட்டி. சுமார் 25 அடி உயரம். கையை வீசி நம்மைப் பிடிக்க வருவதற்காகவே செய்த இயந்திரம். திறந்து சில மாதங்களில் அசைவது நின்றுவிட்டது. மலைக்குள் இருப்பதைச் சரிசெய்வது லேசான வேலையல்ல. அதனால் வெட்டி வெட்டி மின்னும் விளக்கைப் போட்டு, அசைவதுபோல் காட்டினார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் 'டிஸ்கோ யெட்டி'. என் ஐ.டி. வேலையிலும் இப்படித்தான், தற்காலிகமாகப் போட்ட ஒட்டுதான் வருடக்கணக்கில் ஓடும்.

"மாமா, அது என்னைப் பிடிக்க வந்தது!" என்றான் அக்காவின் மகன். விளக்கின் வேலையென்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் மறுபடி வரிசையில் நின்றிருந்தான். நானும் போய் நின்றேன்.